மூணு வட்டியும் முன்னேற்றமும்

ஃபைனல் இயர் வந்துவிட்டால் போதும், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்பவர் கூட நமக்கு வழிகாட்டி ஆகிவிடுகிறார். "சம்பளத்தைப் பார்க்காதே தம்பி, பத்து வருஷம் கழிச்சு எங்க இருப்பேன்னு பாரு" என்பது ஒரு கட்சி. "வர்ற காசை விட்டுட்டு அப்புறம் வருத்தப்படாதே" என்பது இன்னொரு கட்சி. நான் கவனித்த வரையில் முதல் கட்சியில் இருப்பவர்கள் எல்லோரும் மாதம் முதல் தேதி சம்பளம் வாங்கிப் பழகியவர்கள். இரண்டாவது கட்சியில் இருப்பவர்கள் எங்கள் திருச்சுழிப் பக்கம் மழையை நம்பி மிளகாய் போடுகிறவர்கள், சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்கள். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அவரவர் வீட்டுக் கணக்கை நமக்குச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

நம் வீட்டுக் கணக்கை நாமே போட்டுப் பார்த்தால் என்ன? மூன்று வருஷம் பி.காம். படித்ததற்கு இதற்குக்கூட உதவாவிட்டால் எப்படி!

என் முன்னால் இருக்கும் இரண்டு வேலைகளையே எடுத்துக்கொள்கிறேன். எங்கள் வகுப்பில் பாதிப் பேருக்கு ஏறக்குறைய இதே இரண்டுதான்.

ஒன்று, சென்னையில் ஒரு பி.பி.ஓ. கம்பெனி. அக்கவுண்ட்ஸ் பிரிவு. வருஷத்துக்கு 2 லட்சத்து 58 ஆயிரம், அதாவது மாதம் 21,500. இன்னொன்று, அருப்புக்கோட்டையில் ஓர் ஆடிட்டர் ஆபீசில் உதவியாளர் வேலை. மாதம் 7,000. அங்கே இருந்துகொண்டே சி.ஏ. இன்டருக்குப் படிக்கலாம். பட்டப்படிப்பில் 55 சதவீதம் எடுத்த காமர்ஸ் மாணவர்கள் ஃபவுண்டேஷன் எழுதாமல் நேரடியாக இன்டருக்குப் பதிவு செய்யலாம் என்பது தெரிந்திருக்கும். இன்டர் முடித்தால் ஆர்டிகிள்ஷிப். 2023 ஜூலையிலிருந்து அது மூன்று வருஷத்துக்குப் பதில் இரண்டு வருஷம்தான். அதற்குக் கொடுக்கும் குறைந்தபட்ச உதவித்தொகை ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்தது, சின்ன ஊர் என்றால் குறைவு. (அருப்புக்கோட்டையில் வவுச்சர் சரிபார்த்தாலும் அதே வவுச்சர்தானே ஐயா? இதை இன்னொரு நாள் பேசுவோம்.)

ஆக, தாளில் வித்தியாசம் மாதம் 14,500 ரூபாய். இதைக் கேட்டுவிட்டு யாராவது 7,000 ரூபாய் வேலைக்குப் போவானா?

இப்போது காஸ்ட் அக்கவுண்டிங் நோட்டை எடுப்போம். 21,500 என்பது கம்பெனிக்கு ஆகும் செலவு, நமக்கு வரும் சம்பளம் இல்லை. பி.எஃப்.பில் கம்பெனி போடும் பங்கு, நம்மிடம் பிடிக்கும் பங்கு, இ.எஸ்.ஐ., கிராஜுவிட்டி என்று எழுதி வைத்தது எல்லாம் போனால் கையில் வருவது 17,200 சொச்சம். பி.எஃப். நம் பணம்தான், அதை நஷ்டத்தில் எழுதக்கூடாது என்று எங்கள் சார் சொல்வார். சரிதான். ஆனால் வட்டிக்காரர் வாசலில் வந்து நிற்கும்போது பி.எஃப். பாஸ்புக்கைக் காட்ட முடியாதே!

சென்னையில் சாப்பாட்டோடு ஹாஸ்டலில் ஒரு கட்டில் 7,500. போக வர 1,500. மதியச் சாப்பாடு, டீ 1,800. போன், சோப்பு, சவரம் 700. மாதம் ஒருமுறை ஊருக்கு வந்து போக 1,000. இந்த எண்களை ஏற்கெனவே அங்கே இருக்கும் மூன்று சீனியர்களிடம் கேட்டுத்தான் எழுதினேன். மூன்று பேருமே "கொஞ்சம் கம்மியா போட்டிருக்கடா" என்றார்கள். மொத்தம் 12,500. மிச்சம் 4,700.

அருப்புக்கோட்டை வேலையில் 7,000. பஸ்ஸுக்கு 1,200, டீ வடைக்கு 600, போனுக்கும் நோட்டுப் புத்தகத்துக்கும் 700. வீட்டில் சாப்பிடுவதை இலவசம் என்று எழுதுவது எல்லோரும் செய்கிற வேலை. நான் 1,500 எழுதியிருக்கிறேன். அம்மாவின் அரிசிப் பானைக்கும் ஒரு பற்று இருக்க வேண்டும். மிச்சம் 3,000.

14,500 ஆக இருந்த வித்தியாசம் 1,700 ஆகிவிட்டது.

இங்கேயே கட்டுரையை முடித்து "ஆகவே நண்பர்களே, சொந்த ஊரிலேயே இருங்கள்" என்று எழுதிவிடலாம்தான். ஆனால் 1,700 என்பது எல்லா வீட்டிலும் ஒரே 1,700 இல்லை. விஷயமே அங்கேதான் இருக்கிறது.

ஃபைனான்ஷியல் மேனேஜ்மென்ட் பாடத்தில் பணத்தின் கால மதிப்பு என்று ஒரு பகுதி வரும். பரீட்சைக்கு நிச்சயம் ஒரு கணக்கு உண்டு. இன்று கையில் இருக்கும் ரூபாய்க்கும் இரண்டு வருஷம் கழித்து வரும் ரூபாய்க்கும் மதிப்பு வேறு, நடுவில் ஒரு வட்டி விகிதம் நிற்கிறது என்பதுதான் பாடம். புத்தகத்தில் "விகிதம் 10% எனக் கொள்க" என்று கொடுத்துவிடுவார்கள், நாமும் கொண்டுவிடுவோம். அந்த விகிதம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்பதில்லை. அது நம் வீட்டிலிருந்து வருகிறது.

பாங்கில் டெபாசிட் வைத்திருக்கும் வீடு என்றால் அந்த வீட்டின் விகிதம் ஏறக்குறைய 7 சதவீதம். இரண்டு வருஷம் கழித்து வரும் ஒரு லட்சம் அவர்களுக்கு இன்றைக்கு 87 ஆயிரம் சொச்சம். எங்கள் பக்கத்தில் வழக்கமாகப் புழங்குவது மூணு வட்டி. நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய், வருஷத்துக்கு 36. அந்த வட்டியில் கடன் இருக்கிற வீட்டுக்கு அதே இரண்டு வருஷம் கழித்து வரும் ஒரு லட்சம், தனிவட்டியில் கணக்குப் போட்டால்கூட, இன்றைக்கு 58 ஆயிரம்தான். கூட்டு வட்டி போட்டால் இன்னும் இறங்கும்.

அதே வேலை, அதே எதிர்கால சம்பளம். ஒரு வீட்டுக்கு 87, இன்னொரு வீட்டுக்கு 58. "பையன் தூரப் பார்வை இல்லாதவன், உடனே கிடைக்கிற காசுக்கு ஓடுகிறான்" என்று சொல்கிறார்களே, அவன் பார்வையில் ஒரு குறையும் இல்லை. அவன் வீட்டு வட்டி விகிதம் அப்படி. அவன் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறான்.

இதை இன்னும் கிட்டத்தில் பார்ப்போம். எங்கள் வீட்டில் மூணு வட்டிக்கு வாங்கிய கடன் 40 ஆயிரம். மிளகாய்க்காக வாங்கியது. மழை ஏமாற்றிவிட்டது. மற்றச் செலவெல்லாம் அப்பாவின் வருமானத்தில் எப்படியோ ஓடிவிடும், என் மிச்சம் முழுவதும் இந்தக் கடனுக்கே என்று வைத்துக்கொள்வோம். அசலைத் துண்டு துண்டாகக் கட்டினால் வாங்கிக்கொள்ளும் வட்டிக்காரர் எங்களுக்கு வாய்த்திருக்கிறார். எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை.

சென்னை வேலையில் மாதம் 4,700 கட்டினால் பத்து மாதத்தில் கடன் தீர்ந்துவிடும். மொத்த வட்டி 6,900 ரூபாய். அருப்புக்கோட்டை வேலையில் மாதம் 3,000 கட்டினால் பதினெட்டாவது மாதம் தீரும். மொத்த வட்டி 11,800. இரண்டுக்கும் வித்தியாசம் ஏழெட்டு மாதம், 5,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. சி.ஏ. படிப்பை ஊரில் இருந்து தொடங்க நான் கொடுக்க வேண்டிய உண்மையான விலை இந்த 5,000தான். 14,500ஐப் பார்த்து மலைத்துப் போயிருந்தவனுக்கு இது எப்படி இருக்கும்!

இப்போது கடனை மட்டும் மாற்றுங்கள். என் வகுப்பு நண்பன் ஒருவன் வீட்டில் அக்கா கல்யாணத்துக்கு வாங்கியது ஒரு லட்சம். அதே மூணு வட்டி. மாதம் வட்டி மட்டும் 3,000. அருப்புக்கோட்டை வேலைக்கு அவன் போனால் மிச்சமாகும் 3,000 முழுவதும் வட்டிக்கே சரி. அசலில் ஒரு ரூபாய் குறையாது. இரண்டு வருஷம் ஆனாலும், இருபது வருஷம் ஆனாலும் அதே ஒரு லட்சம் அங்கேயே நிற்கும். சென்னைக்குப் போய் 4,700 கட்டினால் மூன்று வருஷத்துக்குச் சற்று முன்னால் தீரும், வட்டி மட்டும் 60 ஆயிரத்துக்கு மேல் கொடுத்த பிறகு.

எனக்கு அந்த 1,700 ரூபாய் என்பது ஏழெட்டு மாதம் தள்ளிப் போடுவது. அவனுக்கு அது கடன் தீருமா தீராதா என்பது. நாங்கள் இருவரும் ஒரே பெஞ்ச், ஒரே மார்க், ஒரே இரண்டு வேலைகள். அவனிடம் போய் "வளர்ச்சியைப் பார்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. சொல்கிறவர்கள், முடிந்தால் அவன் வீட்டுக் கடனைப் பாங்குக்கு மாற்ற வழி சொல்லட்டும். மாதம் ஒரு ரூபாய் வட்டியில் அதே ஒரு லட்சம் இருந்தால், அருப்புக்கோட்டை சம்பளத்திலேயே மூன்றரை வருஷத்துக்குள் அடைத்துவிடலாம். ஆடிட்டர் ஆபீஸ் அவனுக்கும் திறந்துவிடும். ஆனால் நகைக்கடன் வாங்க நகை வேண்டும், அந்த நகைதான் அக்காவோடு போய்விட்டதே!

இந்த விஷயத்தில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறவர் சர் சி.வி. ராமன். அவரும் ஒரு காலத்தில் நம் துறைக்காரர் என்பது பலருக்கு மறந்துவிட்டது. 1907ல் நிதித்துறைத் தேர்வில் தேறி, பதினெட்டு வயதில் கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆனவர். 1917ல் அந்த அரசு வேலையை விட்டுவிட்டு, அதைவிடக் குறைந்த சம்பளத்துக்குக் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பாலித் பேராசிரியராகப் போனார். 1928ல் ராமன் விளைவு, 1930ல் நோபல் பரிசு. "பார்த்தாயா, சம்பளத்தை உதறினார், நோபல் வாங்கினார்" என்று மேடையில் முடித்துவிடுவார்கள்.

1907க்கும் 1917க்கும் நடுவில் பத்து வருஷம் இருக்கிறதே, அதை யாரும் சொல்வதில்லை. அந்தப் பத்து வருஷமும் அவர் நல்ல சம்பளம் வாங்கினார். ரங்கூனுக்கும் நாக்பூருக்கும் மாற்றல் போட்ட இடத்துக்கெல்லாம் போனார். கல்கத்தாவில் இருந்த நாட்களில் ஆபீசுக்கு முன்பும் ஆபீஸ் முடிந்த பின்பும், மகேந்திரலால் சர்க்கார் 1876ல் தொடங்கிய ஆராய்ச்சிக் கழகத்தில் சோதனைகள் செய்து கட்டுரைகள் வெளியிட்டார். பேராசிரியர் பதவி வந்தபோது அவர் ஏற்கெனவே பெயர் பெற்ற ஆராய்ச்சியாளர். கண்ணை மூடிக்கொண்டு கிணற்றில் குதிக்கவில்லை.

ராமன் கதையில் எனக்குப் பிடித்தது 1917 இல்லை, அந்தக் காலையும் மாலையும்தான். பெரிய சம்பளம் வாங்கிக்கொண்டே வளரவும் முடியும், அந்த வேலை நமக்குக் காலையையோ மாலையையோ விட்டுவைத்தால். எனவே சென்னை கம்பெனியிடம் நான் கேட்ட முதல் கேள்வி ஷிஃப்ட் எப்போது என்பதுதான். மாலை ஐந்தரைக்கு ஆரம்பித்து இரவு இரண்டரை வரை என்றார்கள். அமெரிக்காக்காரர்களுக்குப் பகல் அப்போதுதானே. விடிகாலை நாலு மணிக்குப் படுத்து மதியம் எழுந்திருக்கிறவன் சி.ஏ. புத்தகத்தை எப்போது திறப்பான்? சில அசுரர்கள் திறப்பார்கள். நான் அந்த ரகம் இல்லை, பத்து மணிக்கே எனக்குக் கண் சொக்கிவிடும். பகல் ஷிஃப்ட் என்று சொல்லியிருந்தால் என் முடிவு மாறியிருக்கவும் கூடும். ஒருவன் வாழ்க்கையை ஷிஃப்ட் டைம் தீர்மானிக்கிறதா என்று சிரிக்காதீர்கள், தீர்மானிக்கிறது.

(எங்கள் திருச்சுழியில் பிறந்த இன்னொரு பெரியவர் ஞாபகத்துக்கு வருகிறார். ரமண மகரிஷி. 1896ல், அண்ணனின் காலேஜ் ஃபீஸ் ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு, இரண்டைக் கடிதத்தோடு வீட்டில் வைத்துவிட்டு, மதுரையிலிருந்து திருவண்ணாமலைக்குக் கிளம்பியவர். சம்பளமா வளர்ச்சியா என்ற கேள்வியையே அவர் ரயிலேறும்போது விட்டுவிட்டார். நமக்கு அந்த வழி கட்டுப்படியாகாது. அண்ணனுக்கு ஃபீஸ் கட்டின பிறகு வீட்டில் ஐந்து ரூபாய் மிஞ்சுமா என்பதுதான் நம் பிரச்சினை.) :-)

சரி, இனி மறுபக்கத்தையும் சந்தேகப்பட வேண்டும். "இப்போது குறைவாக வாங்கிக்கொள், பின்னால் பெரிதாக வரும்" என்ற வாக்குறுதியை நம்பி நம் மாவட்டங்களில் ஏமாந்தவர்கள் உண்டு. சுமங்கலித் திட்டம் என்று ஸ்பின்னிங் மில்களில் நடந்ததை அக்காக்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பதினைந்து பதினாறு வயதுப் பெண்களை, தென் மாவட்டத்துக் கிராமங்களிலிருந்தெல்லாம் மூன்று வருஷ ஒப்பந்தத்தில் கூட்டிப் போவார்கள். தினக்கூலி குறைவு, ஹாஸ்டலை விட்டு வெளியே போக முடியாது. மூன்று வருஷம் முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தமாக 30 ஆயிரம், 50 ஆயிரம் என்று சொல்வார்கள். நடுவில் உடம்பு முடியாமல் திரும்பியவர்களுக்கு மொத்தப் பணம் கிடைக்காமல் போனது. நெதர்லாந்து அமைப்புகள் இரண்டு 2011ல் இதைப் பற்றி அறிக்கை வெளியிட்டபோது வெளிநாட்டுத் துணிக் கம்பெனிகள் வரை பேச்சானது. ஆடிட்டர் ஆபீஸையும் அந்த மில்லையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஆனால் "பின்னால்" என்ற சொல்லைக் காட்டி இன்றைய கூலியைக் குறைப்பது ஒரு பழைய வித்தை. அதனால் பின்னால் வருவது யார் கையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. அந்தப் பெண்களின் பணம் கடைசி நாள் வரை மில்காரரின் பெட்டியில் இருந்தது. நடுவில் கிளம்பினால் கைக்கு வராது.

நம் ஊர் அண்ணாச்சி கடைகளில் பையன்கள் சேர்வதும் குறைந்த சம்பளத்துக்குத்தான். ஆனால் நாலு வருஷம் நின்றவன் சரக்கு எங்கே வாங்குவது, யாருக்குக் கடன் கொடுக்கலாம், பருப்பில் வண்டு எப்போது விழும் என்று எல்லாம் கற்றுக்கொண்டு போவான். அதை முதலாளி பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. எத்தனை பேர் அப்படிப் போய் சென்னையில் சொந்தக் கடை வைத்திருக்கிறார்கள்!

ஆடிட்டர் ஆபீசில் எனக்கு அது கிடைக்குமா? கிடைக்கலாம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு அருப்புக்கோட்டை சேலை வியாபாரி முதல் இரும்புக்கடைக்காரர் வரை ரிட்டர்ன் போட ஆள் தேடுகிறார்கள். ஒரு கடையின் பில் புத்தகத்திலிருந்து ஆரம்பித்து ஜி.எஸ்.டி., வருமான வரி, பாங்க் லோனுக்கான அறிக்கை வரை முழுக் கணக்கும் ஒரே மேஜையில் வரும். சென்னை வேலையில் சப்ளையர் அனுப்பிய இன்வாய்ஸையும் பர்ச்சேஸ் ஆர்டரையும் சரக்கு வந்த ரசீதையும் ஒப்பிட்டு "சரி" என்று தட்ட வேண்டும். நாளைக்கும் அதே, மறுநாளும் அதே. அதில் மேலே வந்து டீம் லீடர் ஆனவர்களும் இருக்கிறார்கள், நல்ல இங்கிலீஷ் வந்துவிடும், அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்த ஒப்பிடுகிற வேலையைத்தான் கம்ப்யூட்டரே செய்ய ஆரம்பித்துவிட்டது.

அதே சமயம், சில ஆடிட்டர் ஆபீஸ்களில் இரண்டு வருஷமும் ஜெராக்ஸ் எடுக்கவும் பாங்கில் செலான் கட்டவும் டீ வாங்கவுமே பையன்களை அனுப்புவார்கள் என்றும் கேள்வி. அப்படி என்றால் 7,000க்கும் நஷ்டம், இரண்டு வருஷத்துக்கும் நஷ்டம். அதனால் இன்டர்வியூவில் நானே கேட்டேன்: "சார், எத்தனாவது மாசத்துல ஒரு கடையோட கணக்கை என்கிட்ட தனியா விடுவீங்க?" அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம், "நாலாவது மாசம். தப்பு விட்டா அஞ்சாவது மாசம் திரும்ப வாங்கிக்குவேன்" என்றார். பக்கத்து மேஜையில் இருந்த அண்ணனிடம் டீ குடிக்கும்போது தனியாக விசாரித்தேன். நாலு இல்லை, ஆறு மாதம் ஆகும், ஆனால் நிச்சயம் கொடுப்பார் என்றார். ஆறு மாதம் என்றே எழுதிக்கொண்டேன்.

ஜூன் மாதம் அங்கே சேருகிறேன். சி.ஏ. பதிவுக் கட்டணத்துக்கு அம்மா சீட்டு எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வட்டிக்காரரிடம் மாதம் 3,000 வீதம் பதினெட்டு மாதம் என்று அப்பா பேசிவிட்டு வந்தார். என் நண்பன் சிலம்பு எக்ஸ்பிரஸில் சென்னைக்கு டிக்கெட் எடுத்துவிட்டான். அவனுக்கும் அதே இரவு ஷிஃப்ட்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் படிக்க முடியுமா பார்க்கிறேன் என்று இன்டர் புத்தகப் பட்டியலை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறான்.